பன்னிரண்டு புள்ளி ஆறு

மடுவிலயிருந்து வந்த பின்னேரமே
கறுப்பு வயரைத்தான் முதலில கழட்டினனான்.
சிவப்பு பிறகு.
நீ எழுதித் தந்த துண்டு
அலுமாரிக் கதவின்ர உட்பக்கம் ஒட்டியிருக்கு,
சரக்குத்தூள் விரல் பட்டு மஞ்சளாய்.

றெயிலரின்ர சில்லில இன்னும் காட்டுப் புழுதி.
கழுவேல்லை.
பற்றரியை மட்டும் தூக்கிவந்து
கோழித்தீன் அறையில, பலகைக்கு மேல வைச்சன்.
பத்தொன்பது கிலோ எண்டு மூடியில கிடக்கு.
என்ர நாரி அதை நம்பேல்லை.

மாதத்தில முதல் வெள்ளி,
பூசை முடிஞ்சு வந்த கையோட
மீற்றரின்ர ரெண்டு ஊசியையும் வைப்பன்.
புரட்டாதியில பன்னிரண்டு புள்ளி ஆறு.
ஐப்பசியில பன்னிரண்டு புள்ளி அஞ்சு.
ஒருத்தரும் தொடாமல்,
ஒரு லைற்றும் எரியாமல்,
சும்மா இருக்கிறதுக்கே
கொஞ்சம் செலவாகுது, யூட்.
எனக்கு அது புதினமில்லை.

சார்ஜரைப் போட்டால் இரவிரவாய்
ஆறு வாயாலயும் முணுமுணுக்கும்.
சன்னலைத் திறந்து விடுவன்,
நெருப்புக்குச்சி கிட்டவும் கொண்டுபோறேல்லை.
விடிய, மூடியளைத் திருகி
தகடு தாழும் மட்டும் டிஸ்ரில் தண்ணி.
கிணத்துத் தண்ணி கூடாதெண்டு சொன்னனி.
இளவாலையில இருக்கிறவளுக்கு அதைச் சொல்ல வேணுமோ?
என்ர கேத்திலுக்குள்ள வந்து பார்,
விரல்மொத்தத்துக்குச் சுண்ணாம்பு.

கார்த்திகையில நடந்ததை உனக்குச் சொல்லேல்லை.

மழை விடாமல் மூண்டு நாள்.
கறண்ட் நிண்டிட்டுது.
பத்தரை மணிக்கு மதிலுக்கு மேலால டொறின்:
"பெடியனுக்கு இழுக்குது, அக்கா.
மெஷின் இருக்கு, கறண்ட்தான்..."
றோட்டில வெள்ளம். ஓட்டோக்காரன் போனை எடுக்கேல்லை.
உன்ர பற்றரியையும் இன்வேர்ட்டரையும்
றெயின்கோட்டால மூடி
தள்ளுவண்டிலில கொண்டுபோனன்.
சிவப்பு முதலில. கறுப்பு பிறகு.
நெபுலைசர் உறுமத் தொடங்க
அவன்ர சின்ன நெஞ்சு
ஏறி, இறங்கி,
ஏறி,
மூண்டு மணிபோல ஆறிச்சுது.

மூண்டு இரவும் அங்கதான் விட்டனான்.
பிறகு பார்த்தால் பதினொண்டு புள்ளி எட்டு.
துண்டில நீ கீழ்க்கோடு ரெண்டு போட்டு
"பன்னிரண்டுக்குக் கீழ விடாத" எண்டு எழுதின இடம்.

ரெண்டு நாள் சார்ஜில கிடந்து ஏறிச்சுது.
ஆனால் முந்தின மாதிரி நிக்குதில்லை.
முனையில பச்சையாய்ப் பூத்ததை
அப்பச்சோடாவும் சுடுதண்ணியும் விட்டுக் கழுவி
வசிலின் பூசினன்.
மாசியில பன்னிரண்டு புள்ளி மூண்டு.

நேற்றுப் போனில, இந்த ஆவணிக்கு
லீவு இல்லையெண்டாய்.
அடுத்த வருசமும் சொல்லேலாதாம்.
பேச்சு முடியேக்க, "பற்றரி எப்பிடி?"
"இருக்கு" எண்டன்.

ஆடி ரெண்டாந் திகதித் திருநாளுக்கு
நாங்கள் போறம்.
டொறின், பெடியன், நான்.
இழுக்கிறதுக்கு மரியதாசன்ர ஹையேஸ்.
ஒரு லைற், ஒரு சின்ன ஃபான்,
இரவில தேவைப்பட்டால் அவன்ர மெஷின்.
அதுக்கு இது காணும்.

சில்லுக்குக் காத்து அடிக்க வேணும்.