கையைக் காட்டு

காலை ஆறு மணிக்கே கவனித்தேன்:
குடுவையில் நுரை இல்லை.
கழுத்துவரை ஏறிக் கறுத்து வழிய வேண்டிய நுரை.
ஸ்கிம்மர் குழாய்க்குள் வெறும் தண்ணீர்
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி
சும்மா நின்றது.

வேதாளைக் கொட்டகையில் எட்டுத் தொட்டி.
மூன்றாவதில்
சாய்த்து வைத்த ஓட்டின்மேல்
கோமாளி மீனின் முட்டை, முந்நூறுக்குக் குறையாது.
எட்டாம் நாள். ஒவ்வொன்றுக்குள்ளும்
ஒரு ஜோடி வெள்ளிக்கண்.
இன்றிரவு விளக்கணைத்ததும் பொரிந்துவிடும்.
இன்றைக்குப் பார்த்தா இந்த மிஷின்.

மோட்டார் போச்சு என்றாள் ஜெய்னம்பு.
அவளுக்கு எது நின்றாலும் மோட்டார்தான்.
போன மாதம் வீட்டுக்காரர் பேச்சை நிறுத்தியபோதும்
அதையேதான் சொன்னாள்.

கழற்றினோம்.
உள்விசிறியில் சுண்ணாம்பு ஏறியிருந்தது,
சோழி முதுகுபோல வழவழவென்று.
வினிகரில் ஊறவைத்து
பழைய பல் பிரஷால் தேய்த்து மாட்டினால்
முனகியது.
நுரைக்கவில்லை.

தங்கச்சிமடத்திலிருந்து கிளாட்வின் போனில்:
"காத்து இழுக்குதா பாருங்க.
குழாய் வாயில விரலை வைங்க,
கவ்விப் பிடிக்கணும்."
கவ்வவில்லை.
மெல்லிய குழாயின் முனையில்
மிளகளவு உப்பு.
கூப்பிடு தூரத்தில் ஒரு கடலே உப்பாய்க் கிடக்க
இந்த ஒரு மிளகு
எங்கள் தொட்டியின் மூச்சை அடைத்திருக்கிறது.
ஊக்கால் குத்தி வெந்நீர் விட்டேன்.
இப்போது விரலைச் சப்பி இழுத்தது,
பால்குடிப் பிள்ளை கணக்காக.

நுரை வந்தது.
ஒரு சாண் ஏறியது.
ஜெய்னம்பு கைதட்டி முடிப்பதற்குள்
சரிந்தது.

பிறகு
செங்கல் வைத்து உயர்த்தினோம், இறக்கினோம்,
வால்வை அரைச் சுற்று, கால் சுற்று, மறுபடி அரைச் சுற்று.
உப்பு குறைஞ்சிருக்கா, மழைத்தண்ணி கலந்துச்சா
என்று கேட்டான் கிளாட்வின்.
ஆடி மாசம் ராம்நாட்டில் மழையா
என்று கேட்டு போனை வைத்தாள் அவள்.

இத்தனை அமளியிலும்
ஆண்மீன் ஓட்டை விட்டு நகரவில்லை.
செதிலால் விசிறியபடி,
செத்த முட்டையை மட்டும் வாயால் பொறுக்கியபடி
என் கை உள்ளே வரும்போதெல்லாம்
வந்து கடித்தது.

லுஹர் தொழுதுவிட்டு வந்தவள்
வாசலிலேயே நின்றுவிட்டாள்.
"நீ சாப்பிடப் போனப்ப நுரை ஏறுச்சு.
நீ வந்து கைவிட்டதும் இறங்குச்சு.
கையைக் காட்டு."

காட்டினேன்.
உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி
விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு.
எரிச்சல் தாங்காமல் நேற்றிரவு தேங்காய் எண்ணெய்,
விடியலில் இன்னொரு தடவை,
கொஞ்சம் முன்னால், யாரும் பார்க்காதபோது,
இன்னும் கொஞ்சம்.

பருப்பு பொங்கி வழியும்போது
ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கும்.
தினமும் செய்கிறேன்.
அடுப்பங்கரையில் தெரிந்த என் கைக்கு
தொட்டியருகே தெரியவில்லை.

அவள் திட்டவில்லை.
சோப்பை எடுத்து நீட்டினாள்.
சாயங்காலம் கிளாட்வின் கேட்டபோது
உப்புதான் அடைச்சிருந்தது என்றேன்.
பாதி உண்மை.
மீதியை அவளும் சொல்லவில்லை.

ஏழரைக்கு விளக்கணைத்தோம்.
வெளியே கச்சான் காற்று
கூரைத் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.
டார்ச் வெளிச்சத்துக்கு நீந்தி வந்தன,
கண் மட்டும் தெரியும் துரும்புகள்.
மக்கில் மொண்டு மொண்டு
வேறு தொட்டிக்கு மாற்றியது ஜெய்னம்பு.
எண்ணிப் பார்க்கத் தெம்பில்லை எங்களுக்கு.

பன்னிரண்டு தாண்டியிருக்கும்.
கொட்டகைக்குள் திடீரென ஒரு நாற்றம்,
அழுகின பாசி, பழைய கருவாடு, இன்னும் என்னவோ.
வந்துருச்சுடி, என்று மூக்கைப் பொத்தியபடி எழுந்தாள்.
குடுவையின் கழுத்தில்
கடுந்தேயிலை நிறத்தில்
மெத்தென்று ஏறிக்கொண்டிருந்தது நுரை.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
நெருங்கி நின்று பார்த்தேன்.
வால்வு ஒரு கால் சுற்று
திருகலாம்போல் இருந்தது.