எண்பத்தெட்டுப் புள்ளி ஒன்று

வண்டியைக் கைமாற்றும்போதே சொன்னார்கள்:
செட்டு கம்பெனியோடு வந்தது, கை வைக்காதீர்கள்.
கேசட்டுக்கு ஒரு வாய். ரேடியோவுக்கு ஒரு திருகு.
வேறு எதற்கும் வழி கிடையாது.

என் பிளேயர் தீப்பெட்டி அளவு.
உள்ளே இருப்பது பாட்டு என்றுதான்
எல்லோரும் நினைப்பார்கள்.

முதலில் ஒயர் வால் முளைத்த போலிக் கேசட்.
செட்டு அதைக் கொஞ்சம் மென்று பார்த்துவிட்டு
கீரை பிடிக்காத குழந்தை மாதிரி
வெளியே தள்ளியது.
மறுபடி ஊட்டினேன். மறுபடி.

அவிநாசியில் முபாரக் டேஷ்போர்டைக் கழற்றி
டார்ச் அடித்துப் பார்த்தார்.
பதினாறு ஒயர்.
"எல்லாமே வெளிய போறதுங்க அக்கா.
உள்ள வர்றதுக்கு ஒண்ணுகூட உடல கம்பெனிக்காரன்."
நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியைச் சொல்கிறாரோ என்று
ஒரு நிமிசம் குழம்பிவிட்டேன்.

கடைசியில் கிடைத்தது,
சிகரெட் பற்றவைக்கும் குழியில் செருகுகிற
டிரான்ஸ்மிட்டர். முந்நூற்றைம்பது ரூபாய்.
யாரும் குடியிருக்காத அலைவரிசையாகத் தேடி
எண்பத்தெட்டுப் புள்ளி ஒன்றில் இறங்கினேன்.
இரைச்சல் விலகி
நாலு ஸ்பீக்கரிலும் நான்:

"சாருங்க, நான் மெர்ச்சன்டைசிங்ல சேந்து
ஆறு வருசம் ஆச்சுங்க.
நானாக் கேக்கறது இதுதாங்க மொதல் தடவைங்க.
ஒரு ரெண்டாயிரம் சேத்திப் போட்டா
நல்லாருக்குங்க."

ராத்திரி பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு பதிந்தது.
சோமனூரில் கிளம்பித் திருப்பூர் சேர்வதற்குள்
எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம்.
கேட்கக் கேட்கத்தான் உறைத்தது.
மூன்று வாக்கியத்தில் ஐந்து 'ங்க'.
சம்பளம் கேட்பவள் மாதிரியே இல்லை,
பந்தியில் மோருக்குக் காத்திருப்பவள் மாதிரி.

வஞ்சிபாளையம் கேட் சாத்தியிருந்தது.
பக்கத்தில் பல்லடத்துக் கோழி லாரி.
அந்த நாற்றம், கூண்டுக்கு வெளியே நீண்ட கழுத்துகள்,
காற்றில் அலையும் வெள்ளை இறகு.
கண்ணாடியை ஏற்றினேன்.
ஏற்றிய பிறகும் வெளியே என் குரல்.
லாரிக்குள்ளிருந்து நான்
அரை நொடிகூடப் பிந்தாமல்
"மொதல் தடவைங்க" என்றேன்.

காலி அலைவரிசையில் அந்த டிரைவர்
என்ன தேடினாரோ.
ரேடியோவைத் தட்டினார். காதை வைத்துப் பார்த்தார்.
பிறகு திரும்பி என்னை; என் உதடு அசையவில்லை.
பிறகு குழியில் மினுங்கிய நீல விளக்கை.
அணைக்கப் போன விரலுக்கு
பட்டன் அகப்படவில்லை.
அதற்குள் ரெண்டாயிரமும் ஒலிபரப்பாகிவிட்டது,
அவருக்கும், கிளீனர் பையனுக்கும்,
கூண்டு கூண்டாகக் கறிக்கோழிகளுக்கும்.

சரக்கு ரயில்.
ஐம்பத்தெட்டுப் பெட்டி எண்ணினேன்,
அந்தப் பக்கம் திரும்பாமல் இருப்பதற்காக.
கேட் தூக்கும்போது பையன் எட்டிப்பார்த்து
கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கை காட்டினான்.
அவன் தோளுக்கு மேலாக டிரைவர் கத்தினார்:
"அஞ்சு கேளுங்கம்மிணி!
அப்பத்தான் மூணுல வந்து நிப்பான்."

பின்னால் ஹாரன். லாரி போய்விட்டது.
வேறு யாரிடமும் நான் சொல்லாத ஒன்று
ஈரோட்டுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு வேப்பமரத்தடியில் ஓரங்கட்டி
புதிதாகப் பதிந்தேன்.
போட்டுக் கேட்டால், ஐந்தாயிரம் என்ற இடத்தில்
சரியாக ஒரு மினிபஸ் ஹாரன்.
அழித்தேன். ஹாரனைவிடச் சத்தமாகச் சொன்னேன்.
'ங்க' ஒன்றே ஒன்று விட்டுவைத்தேன்.
அதையும் எடுத்தால்
பேசுவது யாரோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தியபோது
வைப்பரில் இன்னும் ஒரு இறகு.
சாவியைத் திருப்பவில்லை.
இன்னும் ஒரு தடவை ஓடட்டும்.