பெட்டியில் மீதி மூன்று

ராத்திரி இரண்டு நாற்பது.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, அவசரப் பிரிவு.
ஐப்பசி மழை தகரத்தில் விழும் சத்தம்
இருமலுக்குள் எடுபடவில்லை.
ஐந்து கட்டில், ஐந்து இருமல்.
சோதனை அட்டை மீதி மூன்று.
ஸ்டோர் சாவி வர
காலை எட்டு மணியாகும்.

போன வருஷம் வரை
பஞ்சுக்குச்சியை ஐஸ் டப்பாவில் வைத்து
மாடிக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்போம்.
பதில் இறங்கி வருவதற்குள்
பக்கத்துக் கட்டிலுக்கும்
அதே கேள்வி வந்திருக்கும்.

இப்போது கட்டில் ஓரத்திலேயே வேலை முடிகிறது.
மூக்கில் நுழைத்து நாலு சுற்று,
குழாயில் முக்கிப் பிழிந்து
அட்டைக் குழியில் மூணு சொட்டு.
பிறகு பதினைந்து நிமிடம்.
நான் மார்பில் குத்தியிருக்கும் கடிகாரம்
அப்போதுதான் கடிகாரமாகிறது.

முதல் அட்டை உவரி வியாகப்பனுக்கு.
வாரம் மூன்று டயாலிசிஸ்,
இந்த வாரம் பஸ் ஓடவில்லை, வரவில்லை.
"ஒரு மடக்குத் தண்ணி தாம்மா" என்கிறார்
மூச்சுக்கு மூச்சு நடுவில்.
ஒற்றைக் கோடு. கிருமி இல்லை.
நிலோபர் டாக்டர்
நெஞ்சுப் படத்தைத் திரும்பவும் விளக்கில் பிடித்தாள்.
நுரையீரல் அடிவரை வெள்ளை.
"தண்ணிதான் அண்ணே, உள்ளே நிறைய இருக்கு."
ஸ்டிரெச்சர் கிளம்பிவிட்டது.

மேலப்பாளையம் பிள்ளைக்கு அட்டை வேண்டாம்.
நாய் குரைப்பதுபோல் அந்தச் சத்தம்
வாசலில் நுழையும்போதே
தன் பேரைச் சொல்லிக்கொண்டுதான் வந்தது.

முக்கூடல் பேச்சிமுத்துவுக்கும் எடுக்கவில்லை.
பீடித்தூள் எளைப்பு. மழை பிடித்தால்
அவரையும் பிடிக்கும்.
இருமலை வைத்தே
ஆளைச் சொல்லிவிடுவேன்.
என் காது தப்பியதும் உண்டு.
ஜன்னலோரம் தள்ளிப் போட்டேன்.

இரண்டாவது, பணகுடி கோமதிநாயகம்.
காற்றாலை மெக்கானிக்.
உடம்பு நெருப்பாய்ச் சுட்டது.
ஆறு நிமிடத்திலேயே
ஏ என்ற எழுத்துக்கு எதிரே
இளஞ்சிவப்பாய் ஒரு கோடு,
யாரோ நகத்தால் கீறியதுபோல்.
திரை இழுத்தோம், மாஸ்க் போட்டோம்,
ஏற்றவிருந்த ஆன்டிபயாட்டிக் ஊசியை
டிரேயில் திருப்பி வைத்தேன்.

ஐந்தாமவருக்குப் பேர் தெரியாது.
ஜங்ஷன் பாலத்தடியிலிருந்து
108-இல் வந்தவர்.
மூன்றாவது அட்டையை அவருக்கென்று
கவரைக்கூடக் கிழித்துவிட்டேன்.

அப்போதுதான் திரைக்குப் பின்னால்
இன்னொரு இருமல்.
கோமதிநாயகத்தின் பொஞ்சாதி, ஆவுடைச்செல்வி,
முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு:
"ஒண்ணுமில்லக்கா, தடுமம்தான்."
என் கையில் இருந்ததைப் பார்த்துச் சிரித்தாள்.
"இதே மாதிரி அட்டைதான எக்கா
போன மாசம் எனக்கு ரெண்டு கோடு காட்டுச்சு?
மூக்குலயும் பாப்பாகளா?"

நிலோபர் தலையைத் தூக்கினாள்.
இரண்டு பேரும் ஒரே சமயம்
அவள் வயிற்றைப் பார்த்தோம்.
இன்னும் ஒன்றும் தெரியவில்லை அங்கே.

"சும்மாவே மாத்திரை எழுதிரலாம்" என்றாள் நிலோபர்.
ஆவுடைச்செல்வி பின்னால் நகர்ந்தாள்.
"வயித்துல கெடக்கத வச்சிக்கிட்டு
கண்டதத் திங்க மாட்டேன்.
கோடு விழட்டும், முழுங்குதேன்."

பாலத்தடிக்காரர் என்ன கேட்கப்போகிறார்?
சோதிக்காமலே அவருக்கு மாத்திரையைக் கரைத்து
மூக்குக் குழாய் வழி இறக்கினாள் டாக்டர்.
சரிதான். மருத்துவப்படி சரிதான்.
கிழித்த கவரை நான் கசக்கிப் போட்டேன்.
அவர் இருமினார்,
எனக்கு மட்டும் கேட்டது.

மூணு சொட்டு.
அட்டையில் பேர் எழுதினேன்.
ஆவுடைச்செல்வி ஸ்டூலை இழுத்துப் போட்டு
என் பக்கத்தில் உட்கார்ந்தாள்,
உலையில் அரிசி போட்டவள் மாதிரி.
ஈரம் வெள்ளையில் ஊர்ந்து ஏறியது.
சி-க்கு எதிரே ஒன்று வந்துவிட்டது.
"அன்னைக்கு ரெண்டாவது வரணும்னு கும்பிட்டேன்.
இன்னைக்கு என்னன்னு கும்பிட?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
இன்னும் பதினொரு நிமிடம் இருக்கிறது.
வாசலில் அடுத்த வண்டி
ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.