எப்படி இருக்கு வண்டி

கூழாங்கல் மாதிரி ஒன்றை நீட்டினார் ஹெப்பார் சார்.
சாவியாம். சட்டைப் பையில் கிடந்தால் போதும்,
கதவுக்கு நம்மை அடையாளம் தெரியும்.
"ஒரு வாரம் ஓட்டு சந்தியாகு,
ஞாயிற்றுக்கிழமை சொல்லு, எப்படி இருக்குன்னு."

இழுவையில் குறை சொன்னால் நாக்கு அழுகும்.
ஹெப்பாள் மேம்பாலத்தில் பழையது
முனகிக்கொண்டே ஏறும்;
இது ஏறியது தெரிவதற்குள் இறங்கிவிடுகிறது.
கிளட்ச் கிடையாது.
சில்க் போர்டில் ஒன்றேகால் மணி நேரம் நின்ற அன்று
வீட்டுக்கு வந்தபிறகும்
இடது முழங்கால் வாய் திறக்கவில்லை.

நீளம் ஒரு சாண் கூடியிருக்கிறது, அகலம் நாலு விரல்.
ஷோரூம் பையன் பெருமையாகச் சொன்னான்.
நாலு விரல் என்றால் எவ்வளவு என்பது
அல்சூர் சந்தைத் தெருவில்
எதிரே தண்ணீர் லாரி வரும்போது தெரியும்.

பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டார்கள்.
சிங்கம் மாதிரி, என்றார் சார்.
சிக்னலில் ரோஜா விற்கும் பெண்
முன்பெல்லாம் கண்வரை தெரிவாள்.
இப்போது ரோஜாக்கள் மட்டும்
பானெட் விளிம்பில் தனியாக நடந்து போகின்றன.
கேமரா இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன்.
காக்கை பார்ப்பதுபோல் மேலிருந்து பார்க்கும்.
அதில் அவள் ஒரு நேர் வகிடு,
சுற்றிலும் சிவப்புக் கட்டம்.

ஏசிக்குத் திருகு இல்லை. எல்லாம் திரைக்குள்.
"ஸ்வல்ப கம்மி மாடி" என்று மேடம் சொன்னால்
முதலில் பாட்டு நிற்கிறது,
அப்புறம் கூரை திறக்கிறது,
அதற்கும் அப்புறம்தான் குளிர் குறைகிறது.
ஆனால் அந்தக் கண்ணாடிக் கூரை வழியே
சின்னவள் இஷானி மழையைப் படுத்துக்கொண்டு பார்த்தாள்.
மாரத்தஹள்ளி நெரிசலில் ஒரு மணி நேரம்,
அழவே இல்லை.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு கண் வைத்திருக்கிறார்கள்,
என்னைப் பார்க்க.
விமான நிலையத்திலிருந்து இரவு இரண்டரைக்குத் திரும்புகையில்
ஒரு கொட்டாவி விட்டேன்.
டிங்.
திரையில் காபிக் கோப்பை.
கொஞ்சம் ஓய்வெடுங்கள்.
இருபத்திரண்டு வருட ஸ்டியரிங்கில்
இதை என்னிடம் முதலில் சொன்னது இந்த வண்டிதான்.
பின்சீட்டில் சார் தூங்கிக்கொண்டிருந்தார்.

அதே வண்டிதான் வியாழக்கிழமை
லாவெல் ரோட்டில் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்
நான் ஏசி போட்டுக் கண்ணயர்ந்ததை
சாரின் போனில் போட்டுக்கொடுத்தது.
பதினெட்டு நிமிடம். இருபத்திரண்டு டிகிரி.
சார் திட்டவில்லை. போனைத் திருப்பிக் காட்டிச் சிரித்தார்:
"எப்படி டெக்னாலஜி, பார்த்தியா?"
ஒன்பது வருடம் என் குறட்டையைக் கேட்ட பழையது
ஒரு நாளும் மூச்சு விட்டதில்லை.

சனிக்கிழமை, பேஸ்மென்ட்.
பில்டர் கோடு போட்ட காலத்தில்
வண்டிகள் ஒல்லியாக இருந்திருக்கும்.
வலது பக்கம் தூண், இடது பக்கம் அடுத்த வீட்டுக்காரர் கார்.
வண்டி நுழைந்துவிட்டது, நான் இறங்கத்தான் வழியில்லை.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
இருக்கைகளுக்கு நடுவே ஊர்ந்துபோய்
மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன்.
முழங்கால் தாடையைத் தொட்டது.
ஏழு பேர் போகலாம் என்று எழுதியவர்கள்
ஏழாவது ஆளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.
டிக்கிக்கு அடியில் காலை ஆட்டினால் திறக்குமாம்,
வெளியே இருப்பவர்களுக்கு.
வாட்ச்மேன் பொக்ரேலைக் கூப்பிட்டேன்.
நாலு முறை காற்றை உதைத்தார்.
ஐந்தாவதில் திறந்தது,
மெதுவாக, சங்கீதத்தோடு,
ஏதோ ராஜாவை இறக்கிவிடுவதுபோல.

ஞாயிறு. பூசை முடிந்து வந்ததும் கேட்டார்.
கேட்டுக்கு வெளியே
பழையதை வாங்க வந்த ஆள்
என் முதுகு குழி பறித்த சீட்டில் அமர்ந்து
முன்னும் பின்னும் ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
ஸ்பிரிங் போய்விட்டது என்று விலையைக் குறைத்தான்.

"நல்ல வண்டி சார்," என்றேன்.
"அந்தத் தூணைத்தான்
கொஞ்சம் தள்ளி வைக்கணும்."