கெண்டை

மூன்றாவது மிதவையைத் தாண்டியதும் துள்ளியது.
பாலட்டோன் ஏரியில் கெண்டைக்குப் பஞ்சமில்லை.
ஆனால் இது என் இடது காலுக்குள்,
முழங்காலுக்குக் கீழே,
தோலுக்கு உட்புறமாகத் தூண்டிலைக் கவ்விய மீன்.
பாதம் தானாகக் கூம்பிற்று.
எதிர்முனையில் யாரோ
அவசரமே இல்லாமல் கயிற்றைச் சுற்றுகிறார்கள்.

நான் டிராம் ஓட்டுகிறவள்.
புடாபெஸ்ட்டில் இருபத்திரண்டு வருடமாக
இந்தப் பாதத்தின் கீழ் ஒரு மிதி.
அழுத்தியே இருக்க வேண்டும்,
கால் எடுத்தால் வண்டி நின்றுவிடும்.
ஓட்டுநர் செத்தாலும் பயணிகள் சாகக்கூடாதென்று
எவரோ நிதானமாக யோசித்துச் செய்த ஏற்பாடு.
அதை நான் ஒருநாளும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

தண்ணீரில் அப்படி ஏதும் வைக்கவில்லை.
நான் நின்றாலும் போட்டி போய்க்கொண்டிருந்தது.
சிவப்புத் தொப்பிகள் என்மேல் ஏறிக் கடந்தன.
ஒரு குதிகால் கண்ணாடியைப் பெயர்த்துவிட்டுப் போனது.
மூச்சு வாங்கும் இடத்தில் அலை,
அலை இருக்கவேண்டிய இடத்தில் ஆகாயம்.

தொண்டையில் வெந்தயக்கீரை வாசம் இல்லை,
வெள்ளரி வாசம், பூண்டோடு:
காலையில் ஷரோல்டா சொன்னாளென்று
ஊறுகாய்த் தண்ணீரை அரைப் புட்டி குடித்திருந்தேன்.
"பிடிப்பு உன் பக்கமே வராது" என்றாள்.
வந்தது. வெள்ளரியும் கூடவே வந்தது.

சிலார்ட் கற்றுக்கொடுத்தது:
மல்லாந்து படு.
கால்விரல்களைப் பிடித்து உன் பக்கம் இழு.
கால் அடிக்காதே, கை மட்டும் போதும்.
பதறாதே.
பதறாதே என்பதை ஏன் கடைசியில் வைத்தான்?

மல்லாந்தேன்.
விரலைப் பிடிக்க மடிந்தால் இடுப்பு மூழ்குகிறது,
மிதக்க நிமிர்ந்தால் விரல் எட்டவில்லை.
ரப்பர் உடை என்னைவிடப் பிடிவாதம்.
ஒருமுறை எட்டிப் பிடித்து இழுத்தேன்.
கெண்டை கொஞ்சம் தளர்ந்தது,
தளர்ந்ததென்று நம்பி விட்டதும்
இன்னும் ஆழமாய்க் கடித்தது.
அழுதேனா தெரியாது.
ஏரிக்குள் அதற்குச் சாட்சி கிடையாது.

கயாக் ஒன்று பக்கத்தில் வந்தது.
பதினேழு வயதிருக்கும், மூக்கில் வெள்ளைக் களிம்பு.
"பிடித்துக்கொள்ளலாம், தகுதி போகாது" என்றான்.
தலையாட்டி மறுத்தேன்.
எதை மறுத்தேன் என்று இன்னும் யோசிக்கிறேன்.
அவன் துடுப்பைச் செங்குத்தாக நீருக்குள் விட்டான்.
பாதிக்குமேல் போகவில்லை.
மிகுந்த மரியாதையோடு சொன்னான்:
"அம்மணி, எழுந்து நில்லுங்களேன்."

எனக்குத் தெரியும்.
ஹங்கேரியில் பிறந்த எவருக்கும் தெரியும்
இந்தத் தென்கரை எப்படியென்று.
ஆறு வயதில் நீச்சல் ஆழம் தேடி
நடந்து நடந்து, ஆழம் வருமுன் பசி வந்து
வெண்ணெய்ச் சோளத்துக்காகத் திரும்பியிருக்கிறேன்.
தெரிந்ததெல்லாம் எங்கே போயிருந்தது
அந்த நான்கு நிமிடம்?

காலை இறக்கினேன்.
சேறு. குளிர்ந்த, கொழகொழத்த,
யாரையும் எதிர்பார்க்காத சேறு.
குதிகால் அதில் புதைந்தது,
பாதம் மெல்ல விரிந்தது,
கெண்டை வாயைத் திறந்தது.
கரையிலிருந்து ஐந்நூறு மீட்டர் தள்ளி
இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன்,
தொப்பியும் கண்ணாடியுமாக,
நிறுத்தம் இல்லாத இடத்தில் டிராமுக்குக் காத்திருப்பவள்போல.
இருபுறமும் ஆட்கள் உயிரைக் கொடுத்து நீந்தினார்கள்.

பழக்கத்தில் இடதுகாலை இன்னொருமுறை அழுத்தினேன்.
வண்டி புறப்பட்டது.

செவ்வாய்க்கிழமை வேலை.
ஆடுசதையில் பழைய வலி,
ஒவ்வொரு வளைவிலும் மிதி அதை ஞாபகப்படுத்தியது.
பணிமனையில் ஷரோல்டா கேட்டாள்:
"பிடிப்பு வரவில்லையே? வெள்ளரித் தண்ணீர்தானே?"

"ஆமாம்" என்றேன்.
நடு ஏரியில் நின்றதைச் சொல்லவில்லை.
அடுத்த வருஷத்துக்கு இன்னொரு புட்டி போட்டுவைக்கிறாளாம்.