மணிக்குப் பதினெட்டு டாலர்

சொற்களைக் கடத்துவது என் வேலை.
அந்தப் பக்கம் வெள்ளை அங்கி போட்ட ஆய்வாளர்,
இந்தப் பக்கம் ஐலீன் எட்சிட்டி,
நடுவில் நான்,
காற்றோடு வந்து பல்லில் நறநறக்கும் மணல்.

கதிர்வீச்சு என்றார் அவர்.
நவஹோவில் அதற்குக் கைக்கடக்கமாக ஒரு சொல் எனக்குத் தெரியாது.
மஞ்சள் மண்ணுக்கு உண்டு: லீட்சோ.
அதைச் சொல்லிவிட்டு
'கண்ணுக்குத் தெரியாமல் எரியும்' என்று சேர்த்தேன்.

'தெரியாமலா?
வெள்ளிக்கிழமைதோறும் துவைத்திருக்கிறேனே அதை.
அவர் சட்டை, குழந்தைத் துணி, எல்லாம்
ஒரே தொட்டியில்.'

ஆங்கிலத்தில் நான் சொன்னபோது
குழந்தைத் துணி எப்படியோ விடுபட்டுப்போனது.

கூட வந்த பெண் நஷ்ட ஈட்டுப் படிவத்தை விரித்தாள்.
பதினாறு பக்கம்.
எந்தச் சுரங்கம்?
மேசாவுக்குப் பின்னால், இரண்டாம் எண்.
எந்தக் கம்பெனி?
மூன்று முறை பெயர் மாற்றி, பிறகு இல்லாமலே போய்விட்டது.
சம்பளச் சீட்டு?
கையில் எண்ணிக் கொடுத்தார்கள்.
கல்யாணத்துக்குச் சாட்சி?
ஐலீன் சிரித்தார்.
'ஒரே கூடைச் சோளக்களியில் கைநனைத்தோம்.
பார்த்தவர்கள் எல்லாரும் அதே சுரங்கத்தில்தான் இருந்தார்கள்.'
இறந்தவர் பெயர்?
போனவர் பெயரை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை.
உதடு அசையாமல் நானே எழுதினேன்.
இங்கேயும் சொல்லப்போவதில்லை.

பிறகு ஐலீன் அடுப்புக்குப் பின்னாலிருந்து
ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தார்.
மதியச் சாப்பாட்டு டப்பா.
பிடி உடைந்து கம்பி சுற்றியது.
மூடியில் ஆணியால் கீறிய இரண்டு எழுத்து.

கருவியை அருகில் கொண்டுபோனார் ஆய்வாளர்.
முதலில் விக்கியது.
பிறகு சட்டியில் சோளம் பொரிகிற மாதிரி
நிற்கவேயில்லை.

'கேட்டீர்களா?
அங்கேதான் இருந்தார்.'

ஆய்வாளர் தலையாட்டினார். எண்ணைக் குறித்துக்கொண்டார்.
டப்பாவை இரண்டு பைக்குள் போட்டு
பீப்பாயில் இறக்கி மூடினார்.
விதி அப்படி என்றார்.
அதை மொழிபெயர்க்க எனக்கு வெகுநேரம் ஆனது.

ரசீது கொடுத்தார்கள்.
'மாசுபட்ட பொருள், ஒன்று.'
படிவத்தில் ஆதாரம் என்ற கட்டம் அப்படியே கிடந்தது, வெறுமையாய்.

'நான் சொன்னதெல்லாம் சொன்னாயா?' என்றார் ஐலீன்.
சொன்னேன் என்றேன்.

இரண்டரை மணி நேரம். நாற்பத்தைந்து டாலர்.

வெளியே பிக்கப் வண்டியில்
காலித் தண்ணீர் பீப்பாய்களுக்கு முன்னால்
அவர் மகள் உட்கார்ந்திருந்தாள்,
ஐம்பது வயதிருக்கும், இடது கையில் தடித்த கட்டு,
டயாலிசிஸுக்கு நூறு மைல் போகவேண்டும்.
நேரமாகிறது என்று
இரண்டு முறை ஹாரன் அடித்தாள்.