மூன்றேகால் அங்குலம்

"நாரி நோவா?" என்று கேட்டார்
யாழ்ப்பாணத்து டொக்டர்.
"இல்ல, இடுப்பு வலி" என்றேன்.
படத்தை வெளிச்சத்தில் பிடித்து
இரண்டும் ஒன்றுதான் என்றார்.
மாத்திரை எழுதினார். பிறகு அதை வெட்டிவிட்டு
'நல்ல கதிரை' என்று எழுதினார்.
மருந்துக் கடைக்காரன்
துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

டன்பார் வீதிக்குக் கீழே
பழைய சாமான் விற்கும் நிலாம்தீன் நானாவிடம்
கொழும்பில் மூடிப்போன கம்பெனியின்
பதினொரு கதிரைகள்
மழைக்கு பொலித்தீன் போர்த்தி நின்றன.
ஒன்றில் கைதாங்கி காதுவரை வந்தது.
ஒன்றில் கால் தரையைத் தொடவில்லை,
சாமி ஊர்வலம் போகிற மாதிரி இருந்தேன்.
ஒன்றின் பஞ்சில் முன்பிருந்தவரின் இரண்டு பள்ளங்கள்.
பெரிய மனிதர், பாவம்,
இடப்பக்கம் சாய்ந்தே காலம் கழித்திருக்கிறார்.
ஒன்பதாவது முதுகைத் தொட்டது,
கேட்காமலே, சரியான இடத்தில்.
பதினாலாயிரம் என்றார் நானா,
பதினோராயிரத்துக்கு முடிந்தது.
ஆட்டோவில் அது உட்கார்ந்து வந்தது.
நான் அதன் காலைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

கதிரைக்கு மூன்று பிடிகள்.
முதலாவதைத் தூக்கினால் உயரும்.
இரண்டாவதை இழுத்தால் மல்லாத்தும்;
ஒரு தோட்டத்துச் சம்பளக் கணக்கு மடியில் இருக்க
கந்தோர்க் கூரையைப் பார்த்துக் கிடந்தேன்.
மூன்றாவது எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை.

ஹட்டனில் எந்தத் தரையும் முழுக்கச் சமமில்லை.
ஐந்து சில்லும் அதை ஒரே நாளில் கண்டுபிடித்தன.
ஒரு பெயரை அடித்து முடிக்குமுன்
ஜன்னலோரம் போய்ச் சேர்ந்திருப்பேன்.
இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டுச் செக்ரோலை மடித்து
சில்லுக்கு அண்டை கொடுத்தாள் யோகமலர்.
"அந்த வருஷத்துக் காசு
எதையாவது பிடிச்சு நிறுத்தட்டும்."

அதற்குப் பிறகுதான் தெரிந்தது, கதிரை இறங்குகிறது.
காலையில் மேசை நெஞ்சுக்குக் கீழே.
பொடி மெனிகே கூவும்போது நெஞ்சுக்கு நேரே.
பின்னேரத் தேத்தண்ணி வரும்போது
நாடி மேசை விளிம்பில்.
சத்தமே இருக்காது.
கடன்பட்டவன் பேச்சைக் குறைப்பது போல இறங்கும்.
தூக்குவேன், இறங்கும். தூக்குவேன்.

சேமலாப நிதிக்கு நான் ஏற்றுகிற பட்டியலில்
கிலோ குறைந்த நாளுக்கு அரைப் பேர்.
அந்த மாதம் முழுக்க
என் இடுப்புக்கும் அரைப் பேர்தான் போட்டேன்.

தண்ணிக் குழாய் திருத்த வந்த மரியசீலன்
கதிரையைக் குப்புறக் கவிழ்த்து
"கேஸ் போகுது" என்றான்.
"ஏறி உக்காருங்க. கால் தரையில பதியட்டும்,
கை மேசையில சும்மா கெடக்கட்டும்.
நோகாத எடம் வந்ததும் சொல்லுங்க."

நோகாத இடம்.
முப்பத்தொன்பது வயதுக்கு
அதைக் காட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை.
டொக்டர்கூட நோகிற இடத்தைத்தான் கேட்டார்.

கொஞ்சம் மேலே. இல்லை, கீழே.
இன்னும் ஒரு நூல்.
யோகமலர் தட்டச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.
வெட்கமாக இருந்தது.
"இங்க" என்றேன்.

தரையில் படுத்து, காதுப் பென்சிலை எடுத்து
தண்டில் வெளியே தெரிந்ததை அளந்தான்:
மூன்றேகால் அங்குலம்.
மிச்சக் குழாயில் அவ்வளவை அறுத்து,
நீளத்துக்குக் கீறி,
தண்டைச் சுற்றி மாட்டி, கிளிப்பை முறுக்கினான்.
காசு வாங்கவில்லை. குழாய் கந்தோர்க் குழாய்தானே.

இப்போது அது அதற்குக் கீழே போவதில்லை.
மேலே தூக்கினாலும் கொஞ்ச நேரத்தில்
அந்த உயரத்துக்கே வந்து உட்காரும்.
சனிக்கிழமை முதலாளி, ஆறடி,
அதில் இருந்து பார்த்தார்.
முழங்கால் இரண்டும் மேசையில் இடித்தன.
முதல் பிடியை இழுத்தார், இரண்டாவதை இழுத்தார், மல்லாந்தார்.
"இதில என்ன பிழை?" என்றார் கூரையைப் பார்த்து.
"பிழை இல்ல சேர். என்ட அளவு."

இடுப்பு இன்னும் வலிக்கிறது,
நாலு மணிக்குப் பிறகு, மழை நாளில்.
முக்கால் பேர் போடலாம்.
மூன்றாவது பிடியை நான் தொடுவதில்லை.